பெயர் நாலு, வேர் ஒன்று: கந்தளாய்க் காடு முதல் தம்பலகாமக் கண்டல் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை மாவட்டத்தில் மூன்று இடங்களை இங்கே ஒரே நிகழ்வாக எடுத்துக்கொள்கிறோம். பேராற்றை மறித்துக் கட்டிய கந்தளாய்க் குளத்தைச் சூழ்ந்த வரண்ட வலயக் காடு ஒன்று. குளத்தின் கீழே தம்பலகாமம் வரை விரியும் வயல்வெளி இன்னொன்று. வயலின் வடிநீர் போய்ச் சேரும் தம்பலகாமக் குடாவின் கண்டல் ஓரம் மூன்றாவது. நிர்வாகத்தில் இவை மூன்று திணைக்களங்களின் பொறுப்பு. தண்ணீருக்கு அந்தப் பிரிவு தெரியாது. மேலே காடு மொட்டையானால் குளத்தில் வண்டல் ஏறும், குளம் சுருங்கினால் வாய்க்காலின் கடைசி வயல்களான கடைக்கண்டத்துக்குத் தண்ணீர் எட்டாது, வயலில் அள்ளிக் கொட்டிய யூரியா கடைசியில் குடாவுக்குத்தான் போகும்.

உயிர்ப் பல்வகைமை பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக எத்தனை வகை இருக்கிறது என்றே கேட்கிறார்கள். அந்த எண்ணிக்கை பாதிக் கதைதான். அந்த வகைகள் தங்களுக்குள் எவ்வளவு நெருங்கிய உறவு, நிலத்தில் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற இரண்டும் தெரியாமல் எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது. வயலுக்கும் காட்டுக்கும் மருந்தும் ஒன்றல்ல. வயலில் காலம் ஒன்றாகவும் பரம்பரை வேறாகவும் இருக்கவேண்டும். காட்டில் பரம்பரையோடு வயதும் வேறுபடவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்ட இடங்களில்தான் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய வேலைகள் பிழையாகிப் போகின்றன.

வயல்: பெயரை எண்ணினால் கணக்குப் பிழைக்கும்

மாவட்டத்தின் மழை பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு வருவது. பெரும்போகம் அதை நம்பியது. சிறுபோகம் குளத்தில் தேங்கியதை நம்பியது. இலங்கை நெல் ரகங்களின் இலக்கத்திலேயே வயது இருக்கிறது (பி.ஜி. என்பது பதலகொடையிலும் ஏ.ரி. என்பது அம்பலாந்தோட்டையிலும் எடுத்த ரகம்): பி.ஜி. 300 மூன்று மாதம், பி.ஜி. 352, ஏ.ரி. 354, ஏ.ரி. 362 ஆகியவை மூன்றரை மாதம், 400இல் தொடங்குபவை நாலு மாதமும் அதற்கு மேலும். இந்த இலக்க முறைக்கு முந்திய பி.ஜி. 94-1 மட்டும் விதிவிலக்கு. அதுவும் மூன்றரை மாத நெல்தான்.

ஒரு வெளியில் நாலு ரகம் விதைக்கப்பட்டிருக்கிறது என்று வைப்போம். பரப்பில் 40, 30, 20, 10 சதவீதம். ஒவ்வொரு பங்கையும் வர்க்கித்துக் கூட்டி, ஒன்றை அதால் வகுத்தால் உண்மையில் எத்தனை ரகத்துக்குச் சமம் என்று வரும். 0.16, 0.09, 0.04, 0.01 கூட்டினால் 0.30. ஆக, நாலு பெயர் இருந்தாலும் பலன் 3.3 ரகத்துக்கு உரியது. ஒரே ரகம் 80 சதவீதமும் இன்னொன்று 20 சதவீதமும் என்றால் விடை 1.5க்குக் கீழே போய்விடும்.

இதுவும் முழு உண்மை இல்லை. பி.ஜி. 352 என்பது பி.ஜி. 380ஐயும் பி.ஜி. 367-4ஐயும் கலந்து பதலகொடையில் எடுத்தது. சிவப்பரிசிக்காரர் விரும்பும் ஏ.ரி. 362இன் பெற்றோரில் ஒன்றும் அதே பி.ஜி. 380. பி.ஜி. 300இன் பெற்றோரில் ஒன்று பி.ஜி. 367-7, அதாவது 367-4இன் உடன்பிறப்பு. போதாததற்கு, பிலிப்பீன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8க்குப் பிந்திய குட்டை ரகங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் குட்டைத்தன்மை தைவானின் ஒரே ஒரு பழைய நெல்லிலிருந்து வந்த ஒரே பரம்பரையலகு (மரபணு). அரிசியின் நிறம் வேறு, மூடையின் விலை வேறு, ஆனால் மாமன் மச்சான் உறவு விடாது. மேலே சொன்ன கணக்கில் 40 சதவீதமும் 30 சதவீதமும் நெருங்கிய சொந்தம் என்று ஒன்றாகச் சேர்த்தால் 3.3 என்பது 1.85 ஆகிறது. கமநல சேவை நிலையத்தில் எழுதப்படும் ரகப் பட்டியலுக்கும் நோய் பூச்சி காணும் வயலுக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவு.

அறக்கொட்டியானை வைத்துப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று விளங்கும். இந்தக் கபிலநிறத் தத்தி இலையில் இருப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும். முட்டையிலிருந்து முட்டைவரை ஏறக்குறைய 25 நாள், ஆகவே ஒரு போகத்துக்குள் மூன்று தலைமுறை பெருகலாம். ஏக்கருக்கு 2 புசல், அதாவது 42 கிலோவை ஒட்டிய விதை போதுமான இடத்தில் 4 புசல் வீசினால் பயிரடி இருண்டு ஈரமாகிவிடும். அதன் மேல் யூரியாவும் கூடினால் தத்திக்கு வேறு விருந்து வேண்டாம். பயிர் வட்ட வட்டமாகக் கருகிக் காய்வது கண்ணில் படும்போது காரியம் கைமிஞ்சியிருக்கும்.

தத்தியைத் தடுக்கும் பரம்பரையலகுகள் இருக்கின்றன. உலகம் முழுவதும் பயன்படும் சில, இலங்கையின் பழைய நெல்லிலிருந்தே போனவை. ரத்து ஹீனட்டி அவற்றில் பேர்பெற்றது. ஆனால் ஒரே எதிர்ப்பை எல்லா வயலிலும் போட்டால் என்ன நடக்கும் என்பதை 1970களில் பிலிப்பீன்சும் இந்தோனேசியாவும் கண்டன. 1973இல் வந்த ஐ.ஆர். 26 ஒரே எதிர்ப்புப் பரம்பரையலகை நம்பியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதையும் தின்னும் தத்தி வந்துவிட்டது. 1976இல் ஐ.ஆர். 36 வேறொரு பரம்பரையலகோடு வந்து சில ஆண்டு கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. ரத்து ஹீனட்டி நீண்ட காலம் நின்றதற்கு ஒரு முக்கிய காரணம், அதில் எதிர்ப்பு ஒன்றல்ல, பலது ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. தத்தி ஒன்றைத் தாண்டினாலும் அடுத்தது மறிக்கும்.

கலந்து விதைப்பதே தீர்வு என்று சொல்கிறவர்கள் சீனாவின் யுன்னானைக் காட்டுவார்கள். அது மெய்யான சாதனை. 1998இலும் 1999இலும் அங்கே கலப்பின நெல்லின் நாலு முதல் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் எரிபந்தம் என்ற பூசண நோய்க்கு இலகுவில் ஆளாகும் ஒட்டரிசி நெல்லை நட்டார்கள். தனியே நட்டதோடு ஒப்பிட ஒட்டரிசி நெல்லில் எரிபந்தம் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. அதற்குக் காரணம் பரம்பரை வேறுபாடு மட்டுமில்லை. ஒட்டரிசி நெல் உயரம். குட்டை நெல்லுக்கு மேலே கதிர் தனித்து நின்றதால் காற்றும் வெயிலும் பட்டுப் பனி சீக்கிரம் உலர்ந்தது. பூசண வித்து முளைக்கத் தேவையான ஈரம் கிடைக்கவில்லை. கூடவே, விலை கூடிய ஒட்டரிசியை அங்கே கையால் தனியே அறுத்தார்கள்.

தம்பலகாமத்தில் அந்தக் கடைசி வசதி இல்லை. வெட்டு மெசின் எல்லாவற்றையும் ஒரே வாயால் விழுங்கும். வெள்ளையும் சிவப்பும் கலந்த நெல்லுக்கு ஆலையில் விலை விழும். ஒரே வயலுக்குள் கலப்பது இங்கே சரிவராது என்பதே எமது முடிவு. கலப்பு வயலுக்கும் வயலுக்கும் இடையே இருக்கவேண்டும்.

அதைச் செய்யும் விதம் இப்படி. போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு ரகமும் வாய்க்கால் வாரியாகத் தீர்மானிக்கப்படவேண்டும். ஒரு வாய்க்காலுக்கு ஒரு ரகம் என்றால் தண்ணீர் வெட்டும் நாள் ஒன்றாக அமையும், தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைக்கும் தலையிடி இல்லை. அடுத்த வாய்க்காலுக்கு வேறு பரம்பரை. எந்த ரகமும் வெளியில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நெருங்கிய சொந்தக்கார ரகங்கள் பக்கத்துப் பக்கத்து வாய்க்காலில் வரக்கூடாது. தண்ணீர் நம்பிக்கையில்லாத கடைக்கண்டத்துக்கு மூன்று மாத நெல். குடாவை ஒட்டி உவர் ஏறும் கண்டங்களுக்கு ஏ.ரி. 354. இதன் உவர் தாங்கும் குணம் கேரளத்தின் பொக்காளி நெல்லிலிருந்து வந்தது. முழு வெளியும் இரண்டு வாரத்துக்குள் விதைத்து முடியவேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் திட்டம் அடிக்கடி உடைகிறது. ஒரு வாய்க்கால் ஒரு மாதம் பிந்தினால், மற்ற வயல்களில் பெருகிய தத்திக்கு அது அடுத்த வீடு. நாலு ரகம் போட்டும் பயனில்லாமல் போகும். இன்னொரு சறுக்கல், மூன்று மாத நெல்லைச் சிறு துண்டாக நடுவெளியில் போடுவது. மற்றது பச்சையாக நிற்கும்போது இது மட்டும் பழுத்தால் குருவியும் எலியும் காட்டுப்பன்றியும் அங்கேதான் குவியும். கந்தளாய்ப் பக்கம் யானையும் சேரும். குறுகிய வயது நெல்லை ஒரே தொடராக, ஒரு ஓரமாகப் போட்டால் காவலுக்கும் இலகு.

விதைத்து முதல் 40 நாளுக்குப் பூச்சிநாசினி அடிக்காமல் விடுவதும் இதே அமைப்பின் பகுதி. தத்தியின் முட்டையை உறிஞ்சும் சிறு மூட்டைப்பூச்சியும் பயிரடியில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தியும் அந்த நாட்களில்தான் வயலில் குடியேறுகின்றன. வரம்பை மொட்டையாகச் செருக்கி, களைநாசினியும் அடித்துச் சுட்டுவிட்டால் அவை ஒதுங்கி நிற்க இடமில்லை. வரம்பின் மேல்முகத்தில் பூக்கும் புல்பூண்டை விட்டு, பக்கங்களை மட்டும் செருக்கினால் போதும்.

பல்வகைமை பகையாகும் இடம்

வேறுபாடு எல்லா இடத்திலும் நல்லதில்லை. வயலில் களையாக முளைக்கும் பன்றி நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வயலில் உயரம் வேறு, மீசை உள்ளது இல்லாதது, உமி கறுப்பு, வைக்கோல் நிறம், தவிடு சிவப்பு என்று பல உருவில் நிற்கும். அவ்வளவுக்கும் பொதுக்குணம் ஒன்று உண்டு: நாம் வெட்டும் முன்பே மணி உதிரும், உதிர்ந்த மணி மண்ணில் உறங்கிக் கிடந்து அடுத்தடுத்த போகங்களில் முளைக்கும். நெல் தன்மகரந்தப் பயிர், அயல் மகரந்தம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் ஒரு ஏக்கரில் இலட்சக்கணக்கான கதிர் பூக்கும்போது அந்தக் கொஞ்சமே போதும். களைக்குப் பயிரின் குணம் ஏறும், பயிரைப் போலவே தோற்றமும் வரும், கை பிடுங்குகிறவருக்கே பிரித்தறிய முடியாமல் போகும்.

அது பரவும் வழி பெரும்பாலும் வெட்டு மெசின்தான். ஒரு வயலை முடித்து அடுத்ததில் இறங்குமுன் தானியத் தொட்டியையும் அடித்தட்டையும் தட்டித் துடைக்கச் சொன்னால் சாரதி முகம் சுழிப்பார், வாடகை மணிக்கணக்கு. சுத்தமான வயலை முதலிலும் பன்றி நெல் கண்ட வயலைக் கடைசியிலும் வெட்ட ஒழுங்கு செய்வது அதைவிட நடைமுறை. ஏறிவிட்ட வயலில் தண்ணீர் கட்டி ஈரமாக்கி, 10 முதல் 14 நாள் முளைக்க விட்டு உழுது மடக்கி, தண்ணீர் இருந்தால் இன்னொரு தடவை அப்படியே செய்து, அதன் பிறகு வீசி விதைக்காமல் நாற்று நடவேண்டும். வரிசை இருந்தால் வரிசைக்கு வெளியே முளைத்ததெல்லாம் களை என்று தெரியும்.

குளத்தோரங்களில் காட்டு நெல்லும் உண்டு. வயலுக்கு மிக அருகே இருந்தால் அதன் மகரந்தமும் பன்றி நெல்லுக்கு உரம். ஆனால் அதை அழிக்கச் சொல்லமாட்டோம். 1970களில் ஆசிய நெல்லை வாட்டிய புற்குட்டை வைரசுக்கு எதிர்ப்புத் தேடி ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தபோது, கைகொடுத்தது இந்தியாவில் எடுத்த ஒரேயொரு காட்டு நெல் மாதிரி. அதே இனம் எங்கள் வரண்ட வலயக் குளத்தோரங்களிலும் வளர்கிறது. குளத்தின் மேல்கரைப் புற்றரையை மண்போட்டு நிரப்பி வேலியடைக்கும்போது போவது புல் மட்டுமில்லை.

பழைய நெல்லைக் காப்பதற்கும் அளவு உண்டு. 1958இல் வெளிவந்து நாட்டின் விளைச்சலையே மாற்றிய எச்-4, முருங்கக்காயன் 302ஐயும் இந்தோனேசிய மாஸ் நெல்லையும் கலந்தது. அந்த முருங்கக்காயனும் பச்சைப்பெருமாளும் கன்னொறுவையின் தாவர மரபு வள நிலையக் குளிரறையில் பத்திரமாக இருப்பது வேறு, வயலில் வெயிலும் உவரும் தத்தியும் கண்டு மாறிக்கொண்டிருப்பது வேறு. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 பாகை குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது களஞ்சியக்காரர் கணக்கு. திருகோணமலை வெக்கையில் வீட்டுப் பானை விதைக்கு இரண்டும் எதிரி. 12 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து இறுக மூடினாலும் ஒவ்வொரு ஆண்டும் விதைத்து எடுப்பதே பாதுகாப்பு. இடப்பெயர்வுக் காலங்களில் இரண்டு மூன்று போகம் விதைக்காமல் விட்ட குடும்பங்களின் நெல் அப்படித்தான் அறுந்தது.

எத்தனை செடியிலிருந்து எடுப்பது? நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் இருக்கும் ஒரு குணத்தைத் தவறவிடாதிருக்க, தன்மகரந்த நெல்லில் 60 செடியாவது வேண்டும். அப்போது தவறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே. பத்துச் செடியில் நல்ல கதிராகப் பார்த்து எடுத்தால் தவறும் வாய்ப்பு 60 சதவீதம். கொழுத்த கதிர் பத்து எடுப்பதுதான் எல்லோர் கையும் செய்கிற வேலை. 5 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலப் பாத்தியில் 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒற்றை நாற்று நட்டால் 250 செடி கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கதிர், கதிருக்கு 100 மணி என்றால் அரைக் கிலோவுக்கு மேல் விதை. மற்ற நெல்லிலிருந்து 3 மீற்றர் விலகியிருந்தால் போதும்.

காடு: முதியோர் மட்டும் நிற்கும் ஊர்

கந்தளாயிலிருந்து ஹபரணை வீதியில் போகும்போது இருபுறமும் பசுமையாகத்தான் தெரியும். உள்ளே 20 மீற்றருக்கு 20 மீற்றர் சதுரம் போட்டு, நெஞ்சளவில், அதாவது 1.3 மீற்றர் உயரத்தில், எல்லா மரத்தின் விட்டத்தையும் அளந்து எழுதினால்தான் காட்டின் நிலை தெரியும். நல்ல காட்டில் மெல்லிய மரம் அதிகமாயும் பருத்தது குறைவாயும் இருக்கும். பாலை மேலே 20 மீற்றரை எட்டி நிற்க, அதன் கீழே வீரை, இடையில் கருங்காலியும் முதிரையும் சாவண்டலையும், அடியில் காயாவும் சூரையும். பருத்த பாலை பல இருந்தும் 2 முதல் 10 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒன்றுகூட இல்லையென்றால், அந்தக் காடு பார்வைக்குத்தான் காடு. பட்டி மாடு கன்றைக் கடித்திருக்கும், அல்லது ஓகஸ்ட் செப்ரெம்பர் காய்ச்சலில் நெருப்பு ஓடியிருக்கும்.

பரம்பரை இழப்பு இன்னும் மறைவானது. சாவண்டலைக்கு உலக மர வணிகத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர். படகுக்கும் பீப்பாய்க்கும் வண்டிக்கும் நேரான, பருத்த மரமாகத் தேடித் தேடி வெட்டினார்கள். கோணலும் சொத்தையும் தாய்மரமாக எஞ்சின. தலைமுறை தலைமுறையாக நல்லதை எடுத்து நலிந்ததை விதைக்கு விடுவதை எந்தக் கமக்காரனும் நெல்லில் செய்யமாட்டான், காட்டில் அதுதான் நடந்தது. கருங்காலிக்கும் முதிரைக்கும் அதே கதை.

தனித்துப்போன மரம் இன்னொரு சிக்கல். காடு வெட்டிப் பயிரிட்ட சேனைக்கு நடுவே விட்ட ஒற்றைப் பாலைக்கு அயல் மகரந்தம் அரிதாகக் கிடைக்கும். தன் மகரந்தத்தில் பிறந்த விதை குறைவாக முளைக்கும், முளைத்ததும் சவலை. வீதியோரத்தில் எட்டிப் பறிக்க வசதியாக நிற்பதும் இந்த ஒற்றை மரம்தான், நாற்றுமேடைகளின் விதை பெரும்பாலும் இங்கிருந்தே போகிறது. வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஐந்து கன்று மட்டும் நட்ட ஒரு திட்டில் ஐந்தும் ஒரே பாலாக அமைய 16இல் 1 வாய்ப்பு. பத்து நட்டால் அது 512இல் 1. கரடியும் இருவாய்ச்சியும் மே முதல் ஜூலை வரை பாலைப்பழத்தையும் வீரைப்பழத்தையும் தின்றுதான் விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோகின்றன. பழம் இல்லாத திட்டுக்கு அவை வராது, அவை வராத திட்டுக்கு வெளி விதையும் வராது.

தேக்கை இங்கே ஒப்பிடலாம். 2.5 மீற்றர் இடைவெளியில் ஹெக்டேயருக்கு 1,600 கன்று, ஒரே நாளில் நட்டது, ஒரே உயரம். பலகைக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அகன்ற இலையில் சேர்ந்து விழும் பெருந்துளி அடியில் வெறும் மண்ணைத் தாக்கும், முதல் மழையிலேயே மண் கரைந்து ஓடும், குளத்தின் நீரேந்து பரப்பில் அது வண்டலாகவே கணக்கில் வரும். உதிர்ந்த சருகு கோடையில் நெருப்புக்குத் தீனி. மரம் இருக்கிறது, காட்டின் வேலை நடக்கவில்லை.

மீள்நடுகைக்கு எமது பரிந்துரை இது. ஒரு இனத்துக்கு 30 தாய்மரமாவது, ஒன்றுக்கொன்று 100 மீற்றர் தள்ளி, காட்டின் உள்ளிருந்து. ஐந்து தாய்மரத்தோடு நிறுத்தினால் அரிதான ஒரு குணத்தைத் தவறவிடும் வாய்ப்பு 60 சதவீதம், 15இல் 21, 30இல் 5க்குக் கீழே. கணக்கு மேலே நெல்லுக்குப் போட்டதுதான், அயல் மகரந்த மரத்தில் ஒவ்வொன்றும் இரண்டு மாதிரிக்குச் சமம் என்பதால் எண்ணிக்கை பாதியாகிறது. பழம் விழுந்ததும் சதையைக் கழுவி, காயவைத்துக் கிடத்தாமல் உடனே விதைக்கவேண்டும். 30 தாய், தாய்க்கு 40 பொலித்தீன் பை என்றால் 1,200 கன்று. தாய்க்குத் தாய் வேறு நிறக் கயிறு கட்டி வையுங்கள். காரணம், லொறியில் ஏற்றும் நாளில் உயரமான கன்றாகப் பொறுக்குவார்கள், உயரமானவை பெரும்பாலும் மூன்று நாலு தாயின் பிள்ளைகளாக இருக்கும். முப்பது தாயில் தொடங்கிய வேலை வாயிலைத் தாண்டும்போது நாலாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு தாயிலிருந்தும் சம எண்ணிக்கை எடுத்து, நன்கு கலந்த பிறகே நடுகைக்கு அனுப்பவேண்டும். உடன்பிறப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் முப்பது வருடம் கழித்து அவையே தங்களுக்குள் கூடும்.

இருக்கும் பற்றையை புல்டோசரால் தள்ளவே கூடாது. அதுதான் கன்றுக்கு நிழல். 2 மீற்றர் அகலத்தில் கோடு வெட்டி, கோட்டுக்குக் கோடு 8 முதல் 10 மீற்றர் விட்டு, கோட்டுக்குள் 3 மீற்றருக்கு ஒன்றாக நவம்பர் மழையில் நடலாம். ஒரே ஆண்டில் முழுவதையும் நட்டு முடிக்காமல் மூன்று தவணையாக, ஐந்தைந்து ஆண்டு இடைவெளியில் செய்தால் வயது அடுக்கு தானாக வரும். வரவு செலவுத் திட்டம் ஒரே ஆண்டில் பணத்தைச் செலவழிக்கச் சொல்லும் என்பதே இதற்குள்ள பெரிய தடை.

குளத்தில் ஒரு எதிர்மறைப் பாடம்

நீரில் மிதக்கும் களையான சல்வீனியா நாட்டுக்குள் வந்தது 1939இல். விதை கிடையாது, வித்தியும் மலடு. ஒரே செடியின் துண்டு துண்டாகவே வரண்ட வலயக் குளங்களையும் வயல்களையும் மூடியது. பல்வகைமை இல்லாத உயிர் பலவீனமானது என்று நம்புகிறவர்களுக்கு இது உறைக்கவேண்டும்: பகை இல்லாத இடத்தில் ஒற்றை வடிவமும் கொடிகட்டிப் பறக்கும். 1980களின் பிற்பகுதியில் அதைத் தின்னும் சிறு கூன்வண்டை அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டபோது, பல குளங்களில் ஓரிரு ஆண்டுக்குள் சரிந்தது. எல்லாச் செடியும் ஒன்றே என்பதால் ஒன்றைத் தின்னத் தெரிந்த வண்டுக்கு எல்லாம் உணவு.

கண்டல் ஓரம்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் கண்டல் நடும் வேகம் எழுந்தது. நாடு முழுவதும் 23 இடங்களில் அந்த நடுகைகளைப் பின்னர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு கசப்பானது: 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை.

கண்டல் காட்டு மரங்கள் பலவற்றில் பெரும்பாலும் நட்டது கண்டல் என்றே பெயருள்ள ஒரு இனத்தையே. அதன் முளைக்குருத்து மரத்திலேயே நீண்டு தொங்கும், பிடுங்கி மண்ணில் குத்த சுகம், படத்துக்கும் அழகு. ஆனால் குடாவின் ஓரத்தில் கண்ணா மரத்துக்கு ஒரு மட்டம், கண்டலுக்கு ஒரு மட்டம், தரைப்பக்கத்தில் தில்லை மரத்துக்கு ஒரு மட்டம். திருகோணமலையில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு, ஆகவே அந்த மட்டங்கள் விரற்கடைக் கணக்கில் பிரிகின்றன. 15 சென்ரிமீற்றர் தாழ நட்டால் வேர் மூச்சு முட்டிச் சாகும். முகத்துவாரம் அடைபட்ட களப்பில் மழைக்காலத் தண்ணீர் மாதக்கணக்கில் இறங்காமல் நின்றால் சரியான மட்டத்தில் நட்டதும் சாகும்.

மட்டம் பார்க்க விலைகூடிய கருவி தேவையில்லை. மேசன்மார் பிடிக்கும் தெளிந்த ரியூப்பில் தண்ணீர் நிரப்பி, அருகே இயற்கையாக நிற்கும் கண்டலின் கீழ் எல்லையில் ஒரு முனையையும் நடப்போகும் இடத்தில் மறுமுனையையும் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரியும். நடப்போகும் இடம் தாழ்வென்றால் அங்கே நடவேண்டாம். மண் நிரப்பிய வீதியோ கைவிட்ட இறால் குளத்தின் அணையோ நீரோட்டத்தை மறித்திருந்தால் அதை வெட்டித் திறப்பதே முதல் வேலை. திறந்த பிறகு ஒரு முழு மாரி பொறுக்கவேண்டும். கண்ணாவின் விதை மிதந்து தானாக வந்து சேரும், பல மரங்களிலிருந்து வருவதால் பரம்பரைக் கலப்பும் இலவசம்.

ஒரு மாரி கழித்து, 5 மீற்றருக்கு 5 மீற்றர் சதுரங்களில் தானாக முளைத்த கன்று எண்ணப்படவேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் மட்டும் முளைக்குருத்து கொண்டுவரலாம். முதலில் அதே குடாவின் மறுகரை, அடுத்து உப்பாறு. மேற்குக் கரையிலிருந்து லொறியில் கொண்டுவருவது கடைசித் தெரிவு. கிளையை உலுப்பினால் விழுவதே முற்றிய குருத்து, இழுத்துப் பிடுங்க வேண்டியது முற்றாதது. 30 மரத்திலிருந்து மரத்துக்கு 20 எடுத்தால் 600. நண்டு கடித்ததையும் துளை விழுந்ததையும் அங்கேயே கழித்துவிட்டு, ஈரச் சாக்கில் நிழலில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் நட்டு முடிக்கவேண்டும்.